நிமிடத்துக்கு ஒரு குண்டு சுடுவதே பெரிய விஷயம், பிறகு எப்படி ஜெயித்தது?

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் சந்தேகம். பள்ளிக்கூடப் பாடத்தில் "துப்பாக்கி வந்தது, கவசம் பூண்ட குதிரைவீரர்களின் காலம் முடிந்தது" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். ஆனால் 1500-களின் துப்பாக்கியைப் பற்றிப் படிக்கப் படிக்க, அது எதையாவது ஜெயித்திருக்கும் என்றே நம்ப முடியவில்லை.

ஒரு தடவை சுட்டால் மறுபடி சுட முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் ஆகிறது. மழை வந்தால் அவ்வளவுதான். நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் குறி என்பது சாமி விட்ட வழி. அதே நேரத்தில் நல்ல வில்லாளி ஆறு அம்பாவது விட்டிருப்பான். பாய்ந்து வரும் குதிரைக்கு நூறு மீட்டர் என்பது பத்து நொடிச் சமாச்சாரம். கணக்குப் போட்டால் ஒரே ஒரு குண்டு, அப்புறம் ஈட்டி நம் நெஞ்சில்.

இப்படி ஒரு சாதனத்துக்காக ஏன் வில்லைத் தூக்கிப் போட்டார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யூடியூப் பார்க்கச் சொல்லாதீர்கள், பார்த்துத்தான் குழம்பியிருக்கிறேன்.

---

தெற்குவாசல் எழுதியது:

கவசத்தைத் துளைக்கும். அதுதான் பதில். இதற்கு எதற்கு ஒரு இழை?

ஆஸ்திரியாவில் கிராட்ஸ் ஊர் ஆயுதக் கிடங்கில் இருந்த பழைய துப்பாக்கிகளையே எடுத்து 1980-களின் கடைசியில் சுட்டுப் பார்த்தார்கள். குண்டு குழாயை விட்டுக் கிளம்பும்போது நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம். எந்த அம்பும் கிட்டே வர முடியாது. பிரான்சின் பயார் என்ற மாவீரன், "அச்சமும் குற்றமும் அறியாதவன்" என்று பட்டம் வாங்கியவன், 1524-ல் யாரோ ஒரு பெயர் தெரியாத துப்பாக்கிக்காரனின் குண்டில் செத்தான். முடிந்தது கதை.

---

பழைய_வாத்தியார் எழுதியது:

தெற்குவாசல், பாதிக் கதைதான் முடிந்தது.

நீங்கள் சொல்லும் 450 மீட்டர் குழாயின் வாயில். உருண்டை ஈயக்குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். கவசம் செய்தவர்களும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தகட்டைத் தடிமனாக்கினார்கள். விற்கும் முன் மார்க்கவசத்தின் மேலேயே ஒரு குண்டு சுட்டு, "பாருங்கள், பள்ளம்தான் விழுந்தது, ஓட்டை விழவில்லை" என்று காட்டுவார்கள். அந்தப் பள்ளத்தோடு உள்ள கவசங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மார்பில் தடிமன் ஏற ஏற, எடை தாங்காமல் காலில் இருந்ததைக் கழற்றினார்கள். கவசம் ஒரே நாளில் சாகவில்லை; கீழிருந்து மேலாக, நூறு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு உதிர்ந்தது.

ஆகவே துளைப்பது மட்டும் பதில் ஆகாது. அஞ்சறைப்பெட்டி தொட்டது சரியான இடம்: அந்த ஒரு நிமிடம். சுட்டு முடித்தவன் மறுபடி மருந்து கெட்டிக்கும் வரை கையில் இரும்புக் குழாய் வைத்திருக்கும் நிராயுதபாணி. அடுத்த இருநூறு வருஷம் தளபதிகள் மண்டையை உடைத்துக்கொண்டது பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தை எதை வைத்து மூடுவது என்றுதான். இது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

முதலில் அகப்பட்ட விடை மண்வெட்டி.

1503 ஏப்ரல் 28, தென் இத்தாலியில் செரிஞோலா. ஸ்பானியத் தளபதி கொன்சாலோ தே கோர்தோபா திராட்சைத் தோட்டச் சரிவில் படையை நிறுத்துகிறார். அடிவாரத்தில் ஏற்கெனவே ஒரு வாய்க்கால். அதை அகலப்படுத்தி, வெட்டிய மண்ணை இந்தப் பக்கம் கரையாகக் குவித்து, முளைகள் அடித்து, பின்னால் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார். ஆர்க்கபஸ் என்ற துப்பாக்கி, சுமார் ஆயிரம். எதிரில் ஐரோப்பாவே பயந்த பிரெஞ்சுக் கவசக் குதிரைப்படை, கூடவே கூலிக்கு வந்த சுவிஸ் ஈட்டிப்படை.

சண்டை தொடங்கியதும் ஸ்பானியர்களின் வெடிமருந்துக் குவியல் தீப்பிடித்து வெடித்துவிட்டது. பீரங்கிகள் பெரிதாக உதவவில்லை. பள்ளமும் கைத்துப்பாக்கியும்தான் மிச்சம். பிரெஞ்சுக் குதிரைகள் பாய்ந்து வந்து பள்ளத்தில் முட்டி நின்றன. தாண்ட வழி தேடி, பள்ளத்தின் ஓரமாகவே, துப்பாக்கிகளுக்கு எதிரே பக்கவாட்டில் குதிரையை ஓட்டிப் பார்த்தார் தளபதி நெமூர் கோமகன். அங்கேயே குண்டு பட்டு இறந்தார். பின்னால் வந்த சுவிஸ் ஈட்டிப்படைக்கும் அதே கதி. பொழுது சாயும் நேரத்தில் தொடங்கியது, இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

பத்து நொடியில் கடக்க வேண்டிய தூரத்தைப் பள்ளம் பல நிமிடங்களாக நீட்டிவிட்டது. அந்த நிமிடங்களில் துப்பாக்கிக்காரன் நிதானமாக நாலைந்து தடவை கெட்டித்துக்கொள்ளலாம்.

---

கரிசல்காரன் எழுதியது:

வாத்தியார் ஐயா, அதே பள்ளத்துக்குப் பின்னால் வில்லாளிகளை நிறுத்தியிருந்தால்? அஜின்கூரில் 1415-ல் ஆங்கிலேயர் முளை நட்டு, சேறு பார்த்து நின்று இதைத்தானே செய்தார்கள்? பள்ளம்தான் ஜெயித்தது என்றால் துப்பாக்கிக்கு என்ன பெருமை?

---

பழைய_வாத்தியார் எழுதியது:

நல்ல அடி. யோசித்துவிட்டு ராத்திரி எழுதுகிறேன். இப்போது பேத்தியைப் பாட்டு வகுப்பில் விட வேண்டும்.

---

இரவுப்பணி எழுதியது:

வாத்தியார் வரும்வரை நான் கொஞ்சம்.

வில்லில் அம்பை ஓட்டுவது ஆளின் முதுகும் தோளும். 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலக் கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவிற்கள் முழுசாகக் கிடைத்தன. அவற்றை இழுக்க நூறு ராத்தலுக்கு மேல் விசை வேண்டும், சிலவற்றுக்கு இன்னும் அதிகம். சின்ன வயதிலிருந்தே பழகாத உடம்பால் முடியாது. ஒரு வில்லாளி செத்தால் அவன் இடத்துக்கு இன்னொருவனை உருவாக்கப் பதினைந்து வருஷம் வேண்டும்.

துப்பாக்கியில் குண்டை ஓட்டுவது மருந்து. இரண்டு மாதம் முற்றுகையில் கிடந்து, கஞ்சி குடித்து, வயிற்றுப்போக்கில் வாடியவன் இழுக்கும் வில் தளரும். அவன் சுடும் குண்டு தளராது. ஒரு பொட்டல் காட்டில் சில வாரப் பயிற்சி போதும், ஒரு நெசவாளியைத் துப்பாக்கிக்காரன் ஆக்கிவிடலாம்.

இங்கிலாந்தில் 1590-களில் இதே சண்டை நடந்தது. சர் ஜான் ஸ்மைத் வில்லுக்கு, ஹம்ப்ரி பார்விக் துப்பாக்கிக்கு. இழை போடவில்லை, ஆளுக்கொரு புத்தகம் போட்டார்கள். 1595-ல் அரசவை ஆலோசனைக் குழு, ஊர்ப்படைகளில் இனி வில்லாளி கணக்கில் வரமாட்டான் என்று முடிவு செய்தது. செரிஞோலா நடந்து 92 வருஷம் கழித்து! அவ்வளவு இழுபறி.

---

மலையடிவாரம் எழுதியது:

வரலாறு எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் கெட்டிக்கும் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்தவன்.

எங்கள் தாத்தாவிடம் உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. மரவள்ளிக் காட்டில் பன்றி விரட்ட. முதலில் மருந்தை அளந்து குழாயில் கொட்டுவார். மேலே தேங்காய் நார். நீளக் கம்பியால் குத்திக் குத்திக் கெட்டிப்பார். அப்புறம் ரவை, மறுபடி நார், மறுபடி கம்பி. பகலில், திண்ணையில், வெற்றிலை போட்டுக்கொண்டே செய்தால் ஒரு நிமிடம். ராத்திரி, குளிரில், பன்றி உறுமும் சத்தத்தோடு செய்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்காதீர்கள்.

சுட்டதும் அவர் முதலில் செய்வது பின்னால் இருந்த பாறைமேல் ஏறுவது. பட்டதா இல்லையா என்றுகூடப் பார்க்க மாட்டார். மேலே உட்கார்ந்துதான் அடுத்த கெட்டிப்பு. வாத்தியார் சொன்ன பள்ளத்தைப் படித்ததும் அந்தப் பாறை ஞாபகம் வந்துவிட்டது.

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

மலையடிவாரம், இந்த இழையில் இதுவரை எனக்கு நன்றாகப் புரிந்தது உங்கள் தாத்தாதான் 😀

ஆனால் எல்லா இடத்திலும் பாறை இருக்காதே. பள்ளம் வெட்ட நேரமில்லாத வெட்டவெளியில்?

---

பழைய_வாத்தியார் எழுதியது:

வந்துவிட்டேன். கரிசல்காரனுக்கு இரவுப்பணி சொன்னதே போதும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பள்ளம் துப்பாக்கிக்காரனைக் காப்பாற்றியது, கொன்றது துப்பாக்கிதான். 1522-ல் மிலான் அருகே பிக்கோக்காவில் சுவிஸ் ஈட்டிப்படைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். சம்பளப் பாக்கி. "காசு கொடு, இல்லை சண்டைக்கு விடு, இரண்டும் இல்லையென்றால் ஊருக்குப் போகிறோம்" என்றார்கள். பிரெஞ்சுத் தளபதி லோத்ரெக் வேறு வழியில்லாமல் விட்டார். எதிரில் ஒரு பள்ளமான சாலை, அதன்மேல் மண்சுவர், சுவருக்குப் பின்னால் நான்கு வரிசை ஆர்க்கபஸ். பீரங்கி பின்னாலிருந்து வரும்வரை காத்திருக்கச் சொன்னதைக் கேட்காமல் ஓடினார்கள். அரைமணி சுமாருக்குள் ஏறக்குறைய 3,000 சுவிஸ் வீரர்கள் விழுந்தார்கள். எதிர்த் தரப்பில் இழப்பு மிகச் சொற்பம். ஸ்பானிய மொழியில் இன்றும் சுலபமாகக் கிடைத்த லாபத்துக்கு 'பிக்கோக்கா' என்று பெயர்.

இப்போது வெட்டவெளிக் கேள்வி. அங்கே பாறை கிடையாது, ஆகவே மனிதர்களையே பாறையாக நிறுத்தினார்கள். ஐந்து மீட்டர் நீள ஈட்டி பிடித்தவர்கள் நடுவில் சதுரமாக, துப்பாக்கிக்காரர்கள் ஓரங்களிலும் மூலைகளிலும். குதிரை வந்தால் துப்பாக்கிக்காரன் ஈட்டிகளின் நிழலுக்குள் ஓடி ஒளிவான். 1530-களில் ஸ்பெயின் இதை 'தெர்சியோ' என்ற நிரந்தரப் படைப்பிரிவாகவே ஆக்கியது. ஏட்டில் ஒரு தெர்சியோவுக்கு 3,000 பேர். தொடக்கத்தில் ஈட்டிக்காரன்தான் பெரும்பான்மை, துப்பாக்கிக்காரன் ஒட்டுக்குடித்தனம். நூறு வருஷத்தில் வீட்டுக்காரனும் குடித்தனக்காரனும் இடம் மாறிவிட்டார்கள்.

---

தூத்துக்குடி_மீரான் எழுதியது:

ஐரோப்பாவிலேயே சுற்றுகிறீர்களே. அந்த நிமிடத்தை மூட வண்டியைப் பயன்படுத்தியவர்களும் உண்டு.

1420-களில் பொஹீமியாவில் யான் ஜிஷ்கா விவசாயிகளை வைத்துக்கொண்டு, வண்டிகளைச் சங்கிலியால் கட்டிக் கோட்டை ஆக்கி, உள்ளிருந்து கைத்துப்பாக்கியும் சிறு பீரங்கியும் சுட்டார். ஆங்கிலத்தில் பிஸ்டல், ஹோவிட்ஸர் என்கிறார்களே, இரண்டும் அந்தச் செக் மொழியிலிருந்து கிளம்பியவை. அதே உத்தி துருக்கியரிடம் போனது. 1514-ல் சால்திரானில் சுல்தான் செலீம் வண்டிகளுக்குப் பின்னால் ஜானிசரித் துப்பாக்கிப் படையை நிறுத்த, பாரசீகத்தின் ஷா இஸ்மாயிலின் குதிரைப்படை வந்து மோதிச் சிதறியது.

அங்கிருந்து பானிபட், 1526 ஏப்ரல் 21. பாபர் தன் கைப்படவே எழுதிவைத்திருக்கிறார்: 700 வண்டிகள், ரூம் தேசத்து முறைப்படி (துருக்கியரைத்தான் சொல்கிறார்) பச்சைத் தோல் கயிற்றால் பிணைத்தது, வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே மறைப்புப் பலகைகள், அதன் பின்னால் திரித்துப்பாக்கிக்காரர்கள். நூறு, இருநூறு குதிரைகள் வெளியே பாயும்படி ஆங்காங்கே இடைவெளி. ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் பள்ளமும் வெட்டிப்போட்ட மரக்கிளையும். இப்ராகிம் லோடியின் பெரும்படை அகலமாக வந்தது, முன்பக்கம் குறுகலாக இருந்ததால் நெருக்கியடித்தது, பின்னால் வந்தவர்கள் முட்டினார்கள், பாபரின் குதிரைவில்லாளிகள் இரு புறமும் சுற்றிப் பின்னால் போய்விட்டார்கள். மதியத்துக்குள் லோடி களத்திலேயே மடிந்தார்.

கவனியுங்கள், அங்கேயும் வில்லும் குதிரையும் வேலை செய்தன. துப்பாக்கி ஆணி அடித்தது, சுத்தியல் குதிரைதான்.

வண்டி பற்றி இன்னும் எழுதலாம், கடை மூட வேண்டும். நாளை ராய்ச்சூர்.

---

தெற்குவாசல் எழுதியது:

சுழற்சி முறையை யாரும் சொல்லவில்லையே! ஜப்பானில் 1575 நாகாஷினோ. ஓடா நோபுனாகா 3,000 துப்பாக்கிகளை மூன்று வரிசையாக நிறுத்தி, ஒரு வரிசை சுட, மற்ற இரண்டு கெட்டிக்க, டாகேடா குதிரைப்படையை இயந்திரத் துப்பாக்கி மாதிரி பொடிப்பொடி ஆக்கினார். ஐரோப்பியர்களுக்கு இருபது வருஷம் முன்னால். பள்ளம், பாறை, வண்டி எல்லாம் எதற்கு? வரிசை போதும்.

---

இரவுப்பணி எழுதியது:

சண்டை நடந்தது, நோபுனாகா ஜெயித்தது, ஏராளமான துப்பாக்கிகள் இருந்தது எல்லாம் உண்மை. மூன்று வரிசைச் சுழற்சிதான் சந்தேகம். நோபுனாகாவிடம் வேலை பார்த்தவரே எழுதிய வரலாற்றில் அது இல்லை. பல வருஷம் கழித்து வந்த, கதை சேர்த்து எழுதிய நூலில்தான் முளைக்கிறது. அப்புறம் திரைப்படங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. டாகேடாவிடமும் துப்பாக்கிகள் இருந்தன.

தவிர, நீங்கள் "எதற்கு" என்று கேட்ட எல்லாமே நாகாஷினோவில் இருந்தது. முன்னால் ஒரு ஓடை, அதற்கு இந்தப் பக்கம் மரக்கம்ப வேலி. வேலி இல்லாமல் நோபுனாகாவும் நிற்கவில்லை.

வரிசைச் சுழற்சியில் முந்தியவர் யார் என்று பார்த்தால் சீனாதான் வருகிறது. 1388-ல் யுன்னானில் மிங் தளபதி மு யிங், யானைப்படையை எதிர்க்கத் துப்பாக்கிகளையும் தீயம்புகளையும் மூன்று வரிசையாக நிறுத்தி, ஒன்று ஓய்ந்தால் அடுத்தது சுடும்படி ஏற்பாடு செய்தார்.

---

தெற்குவாசல் எழுதியது:

படத்தில் பார்த்து வளர்ந்தவனிடம் இப்படியா சொல்வது? மனசு உடைந்துவிட்டது.

---

மட்டுறுத்துனர் எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. "யார் முதலில்" என்ற பந்தயமாக மாற்றிவிடாதீர்கள், போன மாதம் பீரங்கி இழையைப் பூட்ட வேண்டியதாகிவிட்டது.

---

இரவுப்பணி எழுதியது:

சரி. ஆனால் ஐரோப்பியச் சுழற்சியைச் சொல்லியே ஆக வேண்டும், அதில் வேறொரு சுவாரசியம் இருக்கிறது.

1594 டிசம்பர் 8. நெதர்லாந்தில் வில்லெம் லோடவைக் என்ற நாசௌ கோமான் தன் உறவினரான டச்சுத் தளபதி மோரிஸுக்குக் கடிதம் எழுதுகிறார். கிரேக்கர்களின் அணிவகுப்பு பற்றி ஏலியன் என்ற பழங்கால ஆசிரியர் எழுதிய பழம்பெரும் நூலைப் படித்துக்கொண்டிருந்தவர், ஒரு வரிசை திரும்பி மற்ற வரிசைகளுக்கு ஊடே பின்னால் போகும் உத்தியைப் பார்த்து, இதைத் துப்பாக்கிக்குச் செய்தால் என்ன என்று படமே போட்டுக் காட்டியிருக்கிறார். முதல் வரிசை சுடும். சுட்டதும் சந்து வழியே கடைசிக்குப் போகும். அங்கே கெட்டிக்கத் தொடங்கி, மற்றவர்கள் சுடச் சுட முன்னுக்கு நகர்ந்து வரும். பத்து வரிசை என்று வையுங்கள், ஒருவன் கெட்டிக்க ஒரு நிமிடம் என்றால், ஆறு நொடிக்கு ஒரு வரிசை சுடும். அஞ்சறைப்பெட்டியின் கணக்கு அங்கே மாறுகிறது.

காகிதத்தில் அழகு. களத்தில், புகைக்குள், பக்கத்தில் நின்றவன் விழும்போது, சுட்டுவிட்டு எதிரிக்கு முதுகு காட்டிப் பின்னால் போக வேண்டும், ஆனால் ஓடிவிடக் கூடாது. இதற்குத் துணிச்சல் போதாது. ஆயிரம் தடவை செய்து உடம்பு தானாகச் செய்ய வேண்டும். அதனால்தான் டச்சுப் படையில் ஓய்வு நாளிலும் பயிற்சி. 1607-ல் யாக்கோப் தெ கெய்ன் என்ற ஓவியர் இதைப் படம் படமாக வரைந்து நூலாக்கினார். மஸ்கெட் துப்பாக்கிக்கு மட்டும் 43 நிலைகள். மருந்துக் குடுவையைத் திற, ஊற்று, குண்டைப் போடு, கம்பியை உருவு, திரியை ஊது... இவ்வளவும் கட்டளைக்குக் கட்டளை, எல்லோரும் ஒரே நேரத்தில்.

அந்தத் திரி வேறு ஒரு தலைவலி. வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்த கயிறு, இரண்டு முனையிலும் கங்கு. சுடும் அதிர்ச்சியில் ஒன்று அணைந்தால் மற்றதில் பற்றவைக்கலாம் என்று. உடம்பு முழுக்க மருந்துக் குடுவைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் கங்கோடு, தோளுக்குத் தோள் ஒட்டி நிற்க முடியுமா? ஆளுக்கும் ஆளுக்கும் இடம் விட்டுத்தான் நிறுத்தினார்கள். இடம் விட்டால் குதிரை புகும். மறுபடி ஈட்டிக்காரன்.

ராத்திரியில் கங்கு தூரத்திலிருந்தே தெரியும். அதையும் ஒருவர் சாதகமாக்கிக்கொண்டார்: 1643-ல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில், லான்ஸ்டவுன் மேட்டில், வாலரின் பாராளுமன்றப் படை எரியும் திரிகளைச் சுவர்மேல் வரிசையாக விட்டுவிட்டு இருட்டில் நழுவியது. எதிரிகள் வெகுநேரம் கங்குகளைக் காவல் காத்தார்கள்.

---

தூத்துக்குடி_மீரான் எழுதியது:

ராய்ச்சூர் என்று சொல்லிவிட்டுப் போனேன். 1520. இது கைத்துப்பாக்கி இல்லை, பெரும்பாலும் பீரங்கி. ஆனால் இந்த இழையின் 'ஒரு நிமிடம்' இதைவிடத் தெளிவாக எங்கும் தெரியாது.

பீஜப்பூரின் இஸ்மாயில் அடில் ஷாவிடம் நிறையப் பீரங்கி. கிருஷ்ணதேவராயரிடம் ஆள்பலம். போர்த்துக்கீசியக் குதிரை வியாபாரி பெர்னாவோ நூனிஸ் எழுதிய வரலாற்றின்படி, அடில் ஷா தரப்பு எல்லாப் பீரங்கிகளையும் ஒரே நேரத்தில் சுட்டது. ராயரின் முன்னணி சிதறி ஓடியது. ஜெயித்துவிட்டோம் என்று துரத்தினார்கள். ஆனால் பீரங்கிகள் எல்லாம் காலி. பின்னணியில் இருந்த ராயர் மீதிப் படையோடு அந்த நேரத்தில் பாய்ந்தார். மறுபடி கெட்டிக்க அவகாசமே இல்லை. பீஜப்பூர்ப் படை கிருஷ்ணா ஆறு வரை ஓடி, ஆற்றிலும் மடிந்தது. பீரங்கிகள் ராயர் கையில்.

ராயர் அப்போது ராய்ச்சூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார்; அந்த முற்றுகையில் கைத்துப்பாக்கியும் உண்டு. கிறிஸ்தோவாவோ தெ பிகைரெதோ என்ற போர்த்துக்கீசியரும் அவர் ஆட்களும் மதில்மேல் தலைகாட்டியவர்களைச் சுட்டுச் சுட்டு இறக்க, அந்த இடைவெளியில் ராயரின் ஆட்கள் கடப்பாரையோடு மதிலடியில் போய்க் கல்லைப் பெயர்த்தார்கள்.

போகிறபோக்கில் ஒன்று: துப்பாக்கி என்ற சொல்லே துருக்கிய 'துபக்'கிலிருந்து வந்தது. பீரங்கி, 'பரங்கி'யிலிருந்து. இரண்டு ஆயுதமும் யார் யார் வழியாக வந்தன என்பதைச் சொல்லே சுமந்துகொண்டிருக்கிறது.

---

கரிசல்காரன் எழுதியது:

இப்போது என் முறை. குதிரையை ரொம்பச் சீக்கிரம் புதைக்கிறீர்கள்.

1605-ல் கிர்க்ஹோம், இன்றைய லாட்வியாவில். ஸ்வீடன் மன்னர் ஒன்பதாம் சார்லஸ் சுமார் 11,000 பேர், ஈட்டியும் துப்பாக்கியும் கலந்த புதுப்பாணிப் படை. எதிரில் போலந்து-லித்துவேனியத் தளபதி ஹொட்கேவிச், சுமார் 3,600 பேர். அவர் பின்வாங்குவதுபோல் நடித்து ஸ்வீடன்காரர்களை மேட்டிலிருந்து இறக்கினார். அப்புறம் சிறகு கட்டிய ஹுஸார் குதிரைப்படை நீள ஈட்டியோடு இறங்கியது. படை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. துப்பாக்கி வந்து நூறு வருஷம் ஆகியும்!

குதிரையைக் கெடுத்தது அவர்களே கண்டுபிடித்த கூத்து. மேற்கு ஐரோப்பாவில் குதிரைக்காரன் ஈட்டியை விட்டுவிட்டு இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினான். ஈட்டிச் சதுரத்துக்குக் கிட்டே போய், வரிசை வரிசையாகச் சுட்டுவிட்டுத் திரும்பி, பின்னால் போய்க் கெட்டிப்பது. 'காரகோல்' என்று பெயர். குதுப்மினாரைச் சுற்றிப் பார்க்கப் போன மாதிரி. கீழே நிற்பவனின் மஸ்கெட் இவன் கைத்துப்பாக்கியைவிடத் தூரம் போகும், ஆடாது. குதிரையின் பலமே மோதுவது. அதை விட்டுவிட்டு, தரையில் நிற்பவனின் பலவீனத்தையும் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

---

பழைய_வாத்தியார் எழுதியது:

கரிசல்காரன் சொன்னதை முழுசாக ஏற்கிறேன், குதுப்மினார் உட்பட. அந்த அடி வாங்கிய ஸ்வீடன்தான் அடுத்த பாடத்தை எழுதியது.

சார்லஸின் மகன் குஸ்தாவ் அடால்ஃப். போலந்தோடு வருஷக்கணக்கில் மோதியவர். குதிரைப்படையிடம், கொஞ்சம் சுட்டுவிட்டு வாளோடு போய் மோது என்றார். காலாட்படையை ஆறு வரிசையாகக் குறைத்தார். ஒரு சில ஆட்களே இழுத்துப் போகக்கூடிய மூன்று ராத்தல் குண்டுப் பீரங்கிகளைப் படைப்பிரிவுகளோடு சேர்த்தார். 1631 செப்டம்பர் 17, லைப்சிக் அருகே பிரைட்டன்ஃபெல்ட். கூட்டாளிகளான சாக்சன்காரர்கள் தொடக்கத்திலேயே ஓடிவிட்டார்கள், இடது பக்கம் அப்படியே திறந்து கிடந்தது. எதிர்த்தரப்புத் தளபதி பாப்பன்ஹைமின் குதிரைப்படை வலது பக்கத்தில் ஏழு தடவை காரகோல் ஆடிப் பார்த்தது. குதிரைகளுக்கு நடுவே நிறுத்தியிருந்த ஸ்வீடன் துப்பாக்கிக்காரர்களிடம் ஏழு தடவையும் அடி வாங்கித் திரும்பியது. எதிர்த்தரப்பின் தலைமைத் தளபதி தில்லி என்பவரின் பெரிய சதுரங்கள் மெதுவாகத் திரும்புவதற்குள் ஸ்வீடனின் மெல்லிய வரிசைகள் திறந்த பக்கம் சுழன்று நின்றுவிட்டன.

எனக்கு இதில் பிடித்தது அவருடைய 'சால்வோ'. மூன்று வரிசை ஒரே நேரத்தில்: முன்னால் மண்டியிட்டவன், நடுவில் குனிந்தவன், பின்னால் நின்றவன். எல்லாத் துப்பாக்கியும் ஒரே நொடியில் காலி. ராய்ச்சூரில் அடில் ஷா செய்த அதே காரியம்! ஆனால் இங்கே புகை அடங்குமுன் சுட்டவர்களே முன்னால் பாய்ந்துவிடுகிறார்கள். எதிரி அந்த ஒரு நிமிடத்தைப் பயன்படுத்த எழுந்து நின்றால்தானே?

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

மூன்று நாளாகத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர்கள், எல்லோருக்கும் நன்றி. என் கேள்வியே தப்பு என்று இப்போது தெரிகிறது. துப்பாக்கியையும் வில்லையும் தனித்தனியாகத் தராசில் வைத்துக்கொண்டிருந்தேன். பள்ளம், வண்டி, ஈட்டி, பயிற்சி எல்லாம் தட்டில் சேர்ந்தே இருந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று: ஈட்டிக்காரன் எப்போது வீட்டுக்குப் போனான்?

---

இரவுப்பணி எழுதியது:

துப்பாக்கியே ஈட்டி ஆனபோது.

முதலில் வந்த பயோனெட் கத்தியின் பிடி குழாய்க்குள் தக்கைபோல நுழையும். மாட்டினால் சுட முடியாது. சுட வேண்டுமென்றால் கழற்ற வேண்டும். இதன் லட்சணம் 1689 ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தில் கில்லிகிராங்கி கணவாயில் தெரிந்தது. தளபதி ஹியூ மக்கேயின் ஆட்கள் சுட்டுவிட்டுத் தக்கைக் கத்தியை நுழைக்கப் போவதற்குள், மேட்டிலிருந்து மலைவாசிகள் வாளோடு ஓடிவந்து விழுந்துவிட்டார்கள். சில நிமிடங்களில் படை கலைந்தது. தோற்ற மக்கேயே, குழாயின் வாயை அடைக்காமல் வெளிப்பக்கமாக மாட்டும் வளையக் கத்திக்கு மாறினார். பிரான்சில் கோட்டைப் பொறியாளர் வோபான் ஏற்கெனவே அந்த வழியில் போய்க்கொண்டிருந்தார். கங்குத் திரிக்குப் பதில் சிக்கிமுக்கிக் கல் வந்ததும் ஆட்களை நெருக்கி நிறுத்தவும் முடிந்தது. 1703-ல் பிரெஞ்சுப் படை ஈட்டியைக் கைவிட்டது. மற்றவர்களும் அதே சமயத்தில்.

---

மலையடிவாரம் எழுதியது:

தாத்தாவிடம் யாராவது துப்பாக்கி முனையில் கத்தி மாட்டச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். "பன்றிகிட்ட போய் யார் குத்தறது, நீயா?" என்று கேட்டுவிட்டுப் பாறைமேல் ஏறியிருப்பார்.